செவிலியர் தந்த விலை

நோயின் வரலாற்றை எழுதியோர் நோயாளியைப் பற்றி எழுதினர். நோயை ஆராய்ந்த அறிஞரைப் பற்றி எழுதினர். மருந்தைக் கண்டறிந்த மேதையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினர். நோயாளியின் தலைமாட்டில் இரவெல்லாம் விழித்திருந்தவளை, எச்சிற்கிண்ணத்தை எடுத்துக் கழுவியவளை, இருமி இருமித் துவண்ட உடலைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டவளை எண்ணி எழுதியோர் மிகச் சிலரே. அவளைப் போற்றினர், தியாகத்தின் திருவுரு என்றனர். ஆனால், அவளே ஒருநாள் இருமத் தொடங்கியபோது, வரலாறு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது!

காசநோயை நம் மக்கள் எலும்புருக்கி என்றனர், சயம் என்றனர், முன்வினைப் பயன் என்றும் முணுமுணுத்தனர். ஐரோப்பாவின் கற்றறிந்தாரோ, பரம்பரைக் குறை என்றனர். உடற்கட்டின் இயல்பு என்றனர். பெயர் வேறு, மொழி வேறு. பொருள் ஒன்றுதான்: வந்தது வந்தே தீரும், வழியில்லை என்பது. விதி என்று சொல்லிவிட்டால், பிறகு கேள்வி இல்லை. கேள்வி இல்லாவிட்டால், பொறுப்பு யாருக்கும் இல்லை. மருத்துவமனையே தன்னிடம் பணியாற்றுவோருக்கு இந்நோயை அளிக்கிறது என்னும் உண்மை, ஏறத்தாழ நூறாண்டுக் காலம் மறைந்து கிடந்தது. அதை வெளிக்கொணர்ந்தது ஒரு சிறு கீறல். முன்கையில் இடப்பட்ட, எறும்புக் கடியினும் பெரிதல்லாத ஒரு கீறல்! அந்தக் கீறலின் கதையைத்தான் நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

மேதையையும் விட்டுவைக்கவில்லை

பாரிசு நகரத்து மருத்துவர் லென்னெக், 1816-இல் இதயத்துடிப்புக் கேட்கும் குழலைக் கண்டவர். மார்பினுள் நடப்பதை வெளியிலிருந்தே செவியால் அறியும் வழியை உலகுக்குத் தந்தவர். காசநோயால் இறந்தோரின் உடல்களை அறுத்து ஆராய்ந்து, அந்நோயின் உருவங்கள் பலவும் ஒன்றே என்று காட்டியவர். பிணத்தின் முதுகெலும்பை அறுக்கும்போது, இரம்பம் அவர் விரலைக் கீறியது. கீறிய இடத்தில் நோய்க்கட்டி எழுந்தது. அதையும் பதிவு செய்தார். ஆனால், நோய் தொற்றும் என்று மட்டும் அவர் உறுதியாக நம்பவில்லை. 1826-இல், தம் 45-ஆம் வயதில், அதே நோயால் மாண்டார். அவர் கண்டறிந்த குழலையே அவர் மார்பில் வைத்துக் கேட்டு, நோய் முற்றியதை உணர்ந்தவர் அவருடைய உறவினரான இளம் மருத்துவர்.

கருவி கண்டவரை அந்தக் கருவியே கைவிட்டது என்று கவிதை பாடுவோர் பாடட்டும். நாம் பார்ப்பது வேறொன்று. நோயாளியின் மூச்சுக்கு மிக அருகில் தம் முகத்தை வைத்து வாழ்நாளைக் கழித்த ஒருவர் அந்நோய்க்கே இரையானபோது, அது தொழிலால் வந்த கேடு என்று சொல்ல அன்றைய மருத்துவ உலகம் முன்வரவில்லை. மேதைக்கே இந்த நிலை என்றால், பெயரற்ற பணிப்பெண்ணுக்கு என்ன நிலை?

தெற்கின் அச்சமும் வடக்கின் ஏளனமும்

வேடிக்கை ஒன்று உண்டு. தென் ஐரோப்பாவின் எளிய மக்கள், காசநோய் தொற்றும் என்று நெடுங்காலமாக நம்பினர். 1751-இல் ஸ்பெயின் நாட்டிலும், 1782-இல் நேப்பிள்சிலும், நோயாளி பயன்படுத்திய பொருள்களை அழிக்க வேண்டும், நோயை மருத்துவர் அறிவிக்க வேண்டும் என்று ஆணைகள் பிறந்தன. பாரிசு, இலண்டன் நகரங்களின் புலமை மிக்க மருத்துவர்களோ, இதைப் பாமரர் பயம் என்று நகைத்தனர்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பழமை என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. பட்டம் பெற்றவர் சொன்னதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. பகுத்தறிவு என்பது, பாமரன் பேச்சையும் பண்டிதன் பேச்சையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பது. அந்தத் தராசை முதலில் எடுத்தவர் வில்மென் என்னும் பிரெஞ்சுப் படை மருத்துவர். திறந்த வெளியில் திரியும் வீரனைவிட, கொட்டடியில் நெருக்கமாக உறங்கும் வீரனுக்கே நோய் மிகுதி என்பதைக் கண்டார். நோயுற்றவர் நுரையீரலிலிருந்து எடுத்த பொருளை முயல்களின் உடலில் செலுத்தினார், முயல்களும் நோயுற்றன. 1865-இல் பாரிசு மருத்துவக் கழகத்தில் இதை எடுத்துரைத்தார். கழகம் கேட்டது, கொட்டாவி விட்டது, கலைந்தது!

1882 மார்ச் 24-ஆம் நாள், பெர்லின் நகரில் இராபர்ட் காக் அந்தக் கிருமியையே கண்ணுக்குக் காட்டினார். இனி மறுப்புக்கு இடமேது என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால், மறுப்பு ஒரு நாளில் மாள்வதில்லை. அது உடை மாற்றிக்கொண்டு மறுபடியும் வரும்.

மருத்துவமனையே பாதுகாப்பான இடமாம்!

அதே 1882-இல், இலண்டனின் பிராம்ப்டன் காசநோய் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் தியோடர் வில்லியம்ஸ், தம் மருத்துவமனைப் பணியாளரின் பழைய பதிவுகளைத் திரட்டி வெளியிட்டார். நோயாளிகள் நிறைந்த அந்தக் கட்டடத்தில் பல்லாண்டுகளாகப் பணியாற்றிய மருத்துவரிடமும் செவிலியரிடமும் காசநோய் அரிதாகவே தோன்றியது என்பது அவர் முடிவு. நோயாளிக்கு நடுவே வாழ்வதால் கேடில்லை என்பதற்குச் சான்றாக, இந்த எண்கள் பல ஆண்டுகள் எடுத்தாளப்பட்டன.

எண்கள் பொய் சொல்வதில்லை என்பர். ஆனால், எண்ணுபவர் யாரை எண்ணினார் என்று கேட்க வேண்டாமா? செவிலியர் பலர் சில மாதங்களோ சில ஆண்டுகளோ பணியாற்றிவிட்டு விலகுபவர்கள். உடல் மெலிந்து, இருமல் கண்டு, ஊர் திரும்பிய பெண் எந்தப் பதிவேட்டில் இருப்பாள்? அவள் இறந்தது கிராமத்து வீட்டின் திண்ணை ஓரத்தில். மருத்துவமனையின் ஏட்டிலோ, அவள் பணியினின்று விலகினாள் என்ற ஒரே வரி! நோயுற்றவரை வெளியே அனுப்பிவிட்டு, எஞ்சியவரை எண்ணி, எல்லோரும் நலம் என்று எழுதும் கணக்கு இது.

அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியவர் செருமானிய மருத்துவர் ஜார்ஜ் கார்னெட். நோயாளி கிடக்கும் அறையின் தூசியைத் திரட்டிச் சீமைப் பெருச்சாளிகளின் உடலில் செலுத்தி, அத்தூசியில் உயிருள்ள கிருமி இருப்பதை 1888-இல் காட்டினார். அடுத்து, அவர் செய்ததுதான் அருஞ்செயல். பிரஷ்ய நாட்டில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்த கத்தோலிக்கக் கன்னியரின் இல்லங்களுக்குச் சென்று, 25 ஆண்டுகளின் இறப்புப் பதிவுகளைப் புரட்டினார். ஏன் கன்னியர்? அவர்கள் இளம் வயதில் சேர்ந்தவர்கள். இறுதிவரை அங்கேயே இருப்பவர்கள். நோயுற்றால் அவர்களை ஊருக்கு அனுப்பி மறைத்துவிட முடியாது! 1889-இல் அவர் வெளியிட்ட முடிவு: இறந்த கன்னியருள் நூற்றுக்கு 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது காசநோய்.

நூற்றுக்கு அறுபது! தொண்டு செய்யச் சென்ற இளம் பெண்களில் இத்தனை பேரை ஒரே நோய் கொண்டுபோயிற்று. ஆண்டவன் அழைத்துக்கொண்டான் என்று கல்லறையில் பொறித்தனர். அழைத்தது ஆண்டவன் அல்ல, அறையின் காற்று என்று கார்னெட்டின் கணக்கு சொன்னது. அன்றும் அதைக் கேட்டோர் சிலர். காதைப் பொத்திக்கொண்டோர் பலர்.

தோற்ற மருந்து, வென்ற சோதனை

1890-இல் காக், காசநோய்க்கு மருந்து கண்டதாக அறிவித்தார். டியூபர்குலின் என்று பெயர். உலகின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் நோயாளிகள் பெர்லினுக்கு விரைந்தனர். மருந்து குணப்படுத்தவில்லை, சிலருக்குக் கேடும் விளைந்தது. மேதையின் புகழுக்கு மாசு படிந்தது. ஆனால், விஞ்ஞானத்தின் சிறப்பே இதுதான்: அதன் தோல்வியும் வீணாவதில்லை!

வியன்னாவின் குழந்தை மருத்துவர் பிர்க்கே, 1907-இல் அந்த டியூபர்குலினைத் துளியளவு தோலில் இட்டு, மெல்லக் கீறிப் பார்த்தார். கிருமி ஒருமுறையேனும் உடலில் நுழைந்திருந்தால் அந்த இடம் சிவந்து தடிக்கும்; நுழையாதிருந்தால் ஒன்றும் நேராது. நோயே இல்லாத, ஓடியாடித் திரியும் குழந்தைகள் பலருக்கும் தோல் தடித்ததைக் கண்டார். உடலில் கிருமி உண்டு, நோய் இல்லை. இந்நிலைக்கு மறைந்துறை காசம் என்னும் பொருள்படப் பெயரிட்டார். 1908-இல் பிரெஞ்சு மருத்துவர் மாந்து, கீறலுக்கு மாறாகத் தோலின் மேலடுக்கினுள் நுண்ணூசியால் அளவாகச் செலுத்தும் முறையைக் கொணர்ந்தார். இன்றும் உலகெங்கும் நடப்பது அம்முறையே. ஊசியிட்ட 48 முதல் 72 மணி நேரத்துக்குள், தடிப்பின் அகலத்தை மில்லிமீட்டரில் அளப்பர். சிவப்பை அல்ல, தடிப்பை மட்டும்.

மறைந்துறை தொற்று என்பதை நம் தோழர்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். கிருமியை உடலின் காவற்படை சூழ்ந்து சிறைவைத்த நிலை அது. அவருக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. அவரிடமிருந்து எவருக்கும் நோய் பரவாது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இத்தொற்றுக்கு ஆட்பட்டவர் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீடு. அவர்களுள் 100-க்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் என்றேனும் சிறை உடைந்து நோய் வெளிப்படும். கிருமி நுழைந்த முதல் இரண்டு ஆண்டுகளில்தான் அந்த ஆபத்து மிகுதி. இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு, நார்வே நாட்டுக்குச் செல்வோம்.

ஆஸ்லோ நகரத்து மாணவியர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவ உலகம் வேறொரு கோட்பாட்டில் ஆழ்ந்து கிடந்தது. காசநோய்க் கிருமி குழந்தைப் பருவத்திலேயே எல்லோருக்கும் நுழைந்துவிடுகிறது. வயது வந்தபின் தோன்றும் நோய், அந்தப் பழைய கிருமி விழிப்பதே. ஆகவே, புதிதாகத் தொற்றுவது பற்றிக் கவலை வேண்டா என்பது அக்கோட்பாடு. மருத்துவமனையின் தலைமைக்கு இது எவ்வளவு வசதி! செவிலி நோயுற்றாளா? அவள் குழந்தையாக இருந்தபோதே வந்த கேடு அது. அவள் உடல் மெலிந்தவள், சரியாக உண்ணாதவள், ஓய்வின்றி உழைத்தவள். குற்றம் அவள்மீது, குறை அவள் வீட்டின்மீது, மருத்துவமனையின்மீது மட்டும் இல்லை!

ஆஸ்லோவின் உல்லேவால் மருத்துவமனையில் பணியாற்றிய யோகன்னஸ் ஹைம்பெக், இந்தப் பேச்சில் மயங்கவில்லை. 1924-இல் தொடங்கி, செவிலியர் பயிற்சிக்கு வந்த ஒவ்வொரு மாணவிக்கும், சேரும்போதே பிர்க்கேயின் சோதனையைச் செய்தார். எல்லோருக்கும் குழந்தைப் பருவத்திலேயே தொற்று உண்டு என்ற கோட்பாடு அன்றே சரிந்தது. வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தோல் தடிக்கவே இல்லை! கிருமியைக் காணாத உடலுடன், நலமிக்க இளம் பெண்களாக அவர்கள் மருத்துவமனையின் வாயிலில் நுழைந்தனர்.

மூன்றாண்டுப் பயிற்சி முடிந்தது. மீண்டும் சோதித்தார். தடிக்காத கை ஒன்றுகூட எஞ்சவில்லை. கிருமியின்றி வந்தவர் அனைவருக்கும் மருத்துவமனை கிருமியைத் தந்து அனுப்பியது!

அதனினும் கொடிது அடுத்து வந்தது. சேரும்போதே தொற்றுடன் வந்தவருள் நோயுற்றோர் மிகச் சிலர். தொற்றின்றி வந்தவருள்ளோ, ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நோயில் வீழ்ந்தனர், சிலர் மாண்டனர். நலமிக்கவர் வீழ்ந்தனர், முன்பே தொற்றுண்டவர் தப்பினர். மெலிந்தவள், வீட்டிலிருந்து கொணர்ந்தவள் என்னும் பழி எங்கே போயிற்று? நோய் பிறந்த இடம் தொட்டில் அல்ல, தொழிற்கூடம் என்பதை, அந்தப் பெண்களின் முன்கையே எழுதிக் காட்டியது.

சேரும் நாளில் ஒரு சோதனை. பின்னர் ஒரு சோதனை. இரண்டுக்கும் இடையே தோன்றும் மாற்றம்தான் சாட்சி. முதல் சோதனை இல்லாவிட்டால், பின்னால் வரும் நோய்க்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். வறுமை என்னலாம், வினை என்னலாம். முதல் சோதனை இருந்துவிட்டால், வாய் அடைபடும். ஆகவேதான் நாம் சொல்கிறோம்: இச்சோதனை கேடயம் மட்டுமன்று, தொழிலாளியின் கையில் இருக்கும் பத்திரமும் ஆகும்.

பிரிட்டனிலும் இவ்வாறே நடந்தது. 1935 முதல் 1944 வரை, இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியின் சார்பில், பிராஃபிட் ஆய்வு என்னும் பேராய்வு இளைஞர்களிடையே நடைபெற்றது. செவிலியர் பலரும் அதில் இருந்தனர். தொற்றின்றிச் சேர்ந்த செவிலியே பேராபத்துக்கு உள்ளாகிறாள் என்பதை 1948-இல் வெளிவந்த அறிக்கை உறுதி செய்தது. நாட்டுப்புறத்தின் தூய காற்றிலிருந்து பெருநகரின் நோயறைக்கு வந்த பெண்கள், தம் நலத்தையே விலையாகத் தந்தனர். 1951-இல், செவிலியருக்கு வரும் காசநோய் தொழில்நோய்ப் பட்டியலில் அங்கு இடம்பெற்றது. இழப்பீடு கேட்கும் உரிமை பிறந்தது. விதி என்று சொன்னதற்கு இழப்பீடு இல்லை. காரணம் என்று காட்டியதற்கு இழப்பீடு உண்டு. விதிக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் எளிதாகச் சொல்ல இயலுமா?

கண்டறிந்தபின் என்ன?

சோதித்துச் சொல்லிவிட்டால் போதுமா? ஒரு பெண்ணை அழைத்து, உன் உடலில் கிருமி இருக்கிறது, போய் வா என்று சொல்வது அறமாகுமா? ஹைம்பெக், தொற்றில்லாத மாணவியருக்கு பி.சி.ஜி. ஊசி இட்டார், இட்டவரிடம் நோய் குறைந்ததாகக் கண்டார். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆர்தர் மையர்ஸ் என்னும் மருத்துவர் மறுத்து நின்றார்: எல்லோருக்கும் ஊசியிட்டால் எல்லோர் தோலும் தடிக்கும், பிறகு உண்மைத் தொற்றைக் காட்டும் கண்ணையே இழப்போம் என்றார். இரண்டிலும் உண்மை இருந்தது. நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பேராய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்று பின்னர்க் காட்டியது. குழந்தைகளின் கொடிய காசத்தைத் தடுக்கும் அந்த ஊசி, செவிலியின் நுரையீரலுக்குக் காவல் நிற்கவில்லை.

வழி திறந்தது 1952-இல். நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் உள்ள சீவியூ மருத்துவமனையில், ஐசோனியாசிட் என்னும் மாத்திரை நோயாளிகளை எழுப்பி நடமாட வைத்தது. செய்தித்தாள்கள் அவர்கள் களிநடனம் புரிந்த படங்களை வெளியிட்டன. அந்தப் படங்களுக்கு அப்பால் நின்றவர் யார்? 1920-களின் இறுதியில், நோய்க்கு அஞ்சி வெள்ளைச் செவிலியர் அந்த மருத்துவமனையை விட்டு விலகினர். நகராட்சி யாரைத் தேடியது? நிறத்தைக் காட்டிப் பிற மருத்துவமனைகள் பலவும் கதவை அடைத்த கறுப்பினப் பெண்களை! தென் மாநிலங்களிலிருந்து அவர்கள் வந்தனர். முந்நூற்றுக்கும் மேற்பட்டோர், இருபது ஆண்டுகளுக்கு மேலாக, மருந்தற்ற நோயின் மூச்சில் நின்று பணியாற்றினர். மாத்திரையை வேளைதோறும் தந்து, நோயாளியின் மாற்றங்களைக் குறித்துவைத்ததும் அவர்கள் கைகளே. கறுப்புத் தேவதைகள் என்று நோயாளிகள் அழைத்தனர். தேவதை என்று சொல்வது எளிது. சம உரிமையும் பாதுகாப்பும் தருவதல்லவா கடினம்! ஆபத்து வந்தால் யாரை முன்னே நிறுத்துகிறது சமுதாயம் என்று பாருங்கள். எங்கும் ஒரே விதிதான்: கீழே வைக்கப்பட்டவரே முன்னே தள்ளப்படுவர்.

அந்த மாத்திரைதான், பின்னர் மறைந்துறை தொற்றுக்கும் மருந்தாயிற்று. 1950-களின் நடுவில் தொடங்கி, அமெரிக்கப் பொதுநலத்துறை பல பத்தாயிரம் பேரிடம் நடத்திய ஆய்வுகள், ஐசோனியாசிட் உட்கொண்டோரிடம் நோய் பாதிக்கும் கீழாகக் குறைந்ததைக் காட்டின. இன்று, வாரம் ஒருமுறையாக 12 வாரங்களில் முடியும் இருமருந்து முறையும் வந்துவிட்டது. சோதனை அறமாவது இப்போதுதான். கேடு உண்டு என்று சொல்லும் வாய், வழியும் உண்டு என்று சொல்கிறது.

காற்று சொன்ன சாட்சி

கிருமி செவிலியிடம் எவ்வாறு வந்தது? எச்சில் வழியா, ஆடை வழியா, காற்று வழியா? பால்டிமோர் நகரில் 1950-களின் இறுதியில் வெல்சும் ரைலியும் ஓர் ஆய்வு நடத்தினர். ஆறு படுக்கைகள் கொண்ட காசநோய் அறையின் காற்றைக் குழாய் வழியே மேல்தளத்துக்கு இழுத்து, அங்கே கூண்டிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட சீமைப் பெருச்சாளிகளைச் சுவாசிக்க வைத்தனர். நோயாளியை அவை கண்டதில்லை; தொட்டதில்லை. ஆயினும் மாதந்தோறும் சில தொற்றுண்டன. அதே காற்றைப் புறஊதாக் கதிரில் தோய்த்து அனுப்பியபோது, தொற்றவில்லை. கூண்டுகளின் இடத்தில் செவிலியரை வைத்து எண்ணிப் பாருங்கள். பெரிய வேறுபாடு இல்லை!

அதே காலத்தில் நம் சென்னையில், 1956-இல், சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு உலகின் சிந்தனையையே திருப்பியது. சானடோரியத்தில் படுக்கவைத்து மருந்து தந்தாலும், குடிசை வீட்டிலேயே வைத்து மருந்து தந்தாலும், குணமாவது ஏறத்தாழ ஒன்றே. வீட்டிலிருப்போருக்கும் அதனால் கூடுதல் கேடில்லை என்று அறிவித்தது. இதன் பொருள் என்ன? மருந்து உண்ணத் தொடங்கிய நோயாளியிடமிருந்து தொற்று விரைவில் குறைகிறது. செவிலிக்குப் பகை, காசநோயாளி என்று பெயரெழுதிய படுக்கையில் கிடப்பவர் அல்லர். பொதுப் பிரிவின் நெரிசலில், நோய் இன்னதென்று அறியப்படாமல் இருமிக்கொண்டிருப்பவரே! நோயாளியை வெறுக்கச் சொல்லவில்லை இந்த அறிவு. அவரை விரைந்து கண்டறியச் சொல்கிறது. சன்னலைத் திறக்கச் சொல்கிறது.

மறதியும் அதன் தண்டனையும்

மருந்து வந்தது, மறதியும் வந்தது. 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும், நியூயார்க், ஃபுளோரிடா மருத்துவமனைகளில் மருந்துக்கு அடங்காத காசம் பரவியது. நோயாளிகள் மடிந்தனர், பணியாளரின் தோற்சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின, சிலர் உயிரிழந்தனர். அதன்பின், 1994-இல் அந்நாடு கடுமையான நெறிமுறைகளை வகுத்தது: நோயாளியைத் தனியறையில் வை, காற்றை வெளியேற்று, முகக்காப்பு அணிவி, பணியாளரைச் சோதி. நெறிமுறை வென்றது, நோய் குறைந்தது. இறுதியில், 2019-இல், ஆண்டுதோறும் எல்லோரையும் சோதிக்க வேண்டுவதில்லை. சேரும்போதும், தொற்றுக்கு ஆளானபோதும் சோதித்தால் போதும் என்று அவர்கள் மாற்றிக்கொண்டனர். காரணம், தொற்று அரிதான இடத்தில், சோதனையின் பொய்க்குறியே மிகுதியாகத் தோன்றும்.

இடையே கருவியும் வளர்ந்தது. பி.சி.ஜி. ஊசியால் தோல் தடிப்பதையும், உண்மைத் தொற்றால் தடிப்பதையும் பிரித்தறிய முடியாது என்னும் பழைய இடரைத் தீர்க்க, இரத்தத்தில் செய்யும் சோதனை பின்னர் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. காசக்கிருமியில் உண்டு, பி.சி.ஜி.யில் இல்லை எனத்தக்க இரு புரதங்களை இரத்த அணுக்களுக்குக் காட்டி, அவை எழுகின்றனவா என்று பார்ப்பது அது. அதே புரதங்களைக் கொண்டு செய்யும் புதிய தோற்சோதனைகளையும் 2022-இல் உலக நலவாழ்வு அமைப்பு ஏற்றது. எச்சோதனையும் குறையற்றதன்று. எல்லைக்கோட்டில் நிற்கும் முடிவு, இன்று உண்டு என்னும், நாளை இல்லை என்னும். உறங்கும் கிருமி யாரிடம் விழிக்கும் என்று உறுதியாகச் சொல்லும் சோதனை இன்னும் பிறக்கவில்லை.

நம் வீட்டுக் கணக்கு

உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் வாழ்பவர். இங்கே மருத்துவப் பணியாளரின் நிலை என்ன? சேவாகிராம மருத்துவமனையில் 700-க்கும் மேற்பட்ட பணியாளரைச் சோதித்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. தோற்சோதனை, இரத்தச் சோதனை இரண்டில் ஒன்றிலேனும் தொற்றைக் காட்டியோர் பாதிப்பேர்! வேலூரில், செவிலியர் பயிற்சி மாணவியரைத் தொடர்ந்து சோதித்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. தொற்றில்லாதிருந்தவருள் ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேர் புதிதாகத் தொற்றுண்டனர். நாட்டின் பொது மதிப்பீடோ நூற்றுக்கு ஒன்றரை. ஆஸ்லோவின் மாணவியர் 1924-இல் சொன்னதையே, நம் மாணவியரின் கைகளும் சொல்கின்றன. தங்களையே சோதித்து, தங்கள் குறையைத் தாங்களே வெளியிட்ட அந்நிறுவனங்களின் நேர்மையை நாம் போற்றுகிறோம். அந்த நேர்மை எல்லா மருத்துவமனைகளுக்கும் வரவேண்டும் என்றும் விழைகிறோம்.

பாதிப்பேருக்குத் தொற்று உண்டு என்றால், சோதித்து என்ன பயன் என்று கேட்போர் உண்டு. பாதிப்பேருக்கு இல்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அந்தப் பாதிப்பேரில், புதிதாகத் தொற்றுண்ட முதல் இரண்டு ஆண்டுகளில் உள்ளவரே மிகுந்த ஆபத்தில் இருப்பவர். அவரைக் கண்டறிந்தால் காப்பாற்றலாம். சோதனை செய்தால் பணியாளர் அஞ்சுவர் என்போரும் உண்டு. அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. தொற்று உண்டு என்றதும் வேலையைப் பறிக்கலாம். திருமணச் சந்தையில் ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்கலாம். ஆகவே, சோதனையின் முடிவு பணியாளருக்கே உரியது. மறைந்துறை தொற்று எவருக்கும் பரவாது. அதைக் காட்டி எவரையும் விலக்கக் கூடாது என்னும் உறுதி முதலில் வேண்டும். உறுதி தராத சோதனை, உளவு. உறுதி தரும் சோதனை, உரிமை.

சோதனையை மட்டும் நடத்திவிட்டுக் காற்றை மறந்தால், அது ஓட்டைப் பானையில் நீர் அளக்கும் வேலை. புறநோயாளிப் பிரிவில் இருமுவோரை முதலில் பிரித்து அனுப்புதல், சன்னல்களைத் திறத்தல், சளிச் சோதனையை விரைவுபடுத்துதல், முகக்காப்பு தருதல்: இவையே முதற்பணி. பணியாளர் என்னும்போது, மருத்துவரையும் செவிலியரையும் மட்டும் எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்வதும் பிழை. கழிவைச் சுமப்பவர், தரையைத் துடைப்பவர், சளிக்குப்பியைக் கழுவுபவர், நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டு செல்பவர் ஆகியோருக்கும் நுரையீரல் உண்டு! ஒப்பந்தக் கூலி என்பதால், கிருமி அவர்களுக்கு விலக்கு அளிப்பதில்லை. பதிவேடு மட்டுமே விலக்கி வைக்கிறது.

தோழர்களே! மருத்துவமனையின் சுவரில் தியாகத்தைப் போற்றும் வாசகங்கள் எழுதியாயிற்று, மாலைகளும் சூட்டியாயிற்று. பிரஷ்யக் கன்னியரின் கல்லறைகளிலும் அத்தகைய சொற்கள் இருந்தன; அவை ஓர் உயிரையும் மீட்கவில்லை. மீட்டது, ஒரு மருத்துவர் புரட்டிய பதிவேடு. இன்னொரு மருத்துவர் இட்ட கீறல். அந்தக் கீறலுக்குத் தம் கையை நீட்டிய மாணவியரின் துணிவு. உங்கள் ஊர் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே பணியில் சேர்வோரைச் சேரும் நாளில் சோதிக்கின்றனரா என்று கேளுங்கள். நோயறையின் சன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நோயாளியின் நலம் கேட்பது அன்பு. அந்த நோயாளியைத் தாங்கும் கையின் நலமும் கேட்பது நீதி.